பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குப் புது டின் பாலைப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"பசும்பால் புரதம் ஒத்துக்கலை, இந்தப் பவுடரைக் கொடுங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நாலு மருந்துக்கடை ஏறி இறங்கி அந்த டின்னை வாங்கி வந்து, சொன்ன அளவில் கலக்கிக் கொடுத்தால், குழந்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் துப்புகிறது. அடுத்த வேளையும் அதே கதை. இரண்டாம் நாள் வீட்டில் எல்லோரும் பதறிப்போய், "வேற டின் வாங்கலாமா, ஆட்டுப்பால் கொடுக்கலாமா" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பதற வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் இந்தப் பாலுக்குப் பழகிவிடுகின்றன. எவ்வளவு சீக்கிரம் பழகும் என்பது குழந்தையின் வயசையும், நாம் கொடுக்கும் விதத்தையும் பொறுத்தது. அவசரப்பட்டு வாயில் திணிப்பதுதான் இதில் பெரிய இடைஞ்சல்.

முதலில், கையில் இருப்பது சரியான டின்தானா?

பழக்கும் வேலையில் இறங்குவதற்கு முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறான பாலைப் பழக்க மெனக்கெடுவதால் ஒரு பயனும் இல்லை.

பால் அலர்ஜி என்பது பாலில் உள்ள கேசின், வே என்ற புரதங்களை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைப்பது. பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் போவது வேறு பிரச்சினை. அதனால் 'லாக்டோஸ் ஃப்ரீ' என்று போட்ட டின் இங்கே உதவாது. அதில் பால் புரதம் முழுதாக இருக்கும்.

அலர்ஜிக்கான பாலில் இரண்டு வகை உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட மணிமாலை. 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு' வகையில் அந்த மாலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் 100க்கு 90 பேருக்காவது இதுவே போதும். 'அமினோ ஆசிட்' வகையில் மாலையே கிடையாது, உதிரி மணிகள்தான். வெட்டிய துண்டுகளுக்கும் அலர்ஜி காட்டும் குழந்தைகள், மூச்சு முட்டும் அளவுக்குக் கடுமையான அலர்ஜி வந்த குழந்தைகள், எடையே ஏறாமல் தவிக்கும் குழந்தைகள் ஆகியோருக்கு டாக்டர் இதை எழுதுவார். விலை இன்னும் அதிகம்.

'பார்ஷியலி ஹைட்ரோலைஸ்டு' என்றோ 'ஹெச்.ஏ.' (ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது அலர்ஜி குறைவு) என்றோ போட்ட டின்களும் கடையில் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவற்றில் புரதம் அரைகுறையாகத்தான் உடைந்திருக்கும், ஏற்கெனவே அலர்ஜி வந்த குழந்தைக்கு ஆகாது. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும்கூட வேண்டாம். ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்தின் சாயலிலேயே இருப்பதால், பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் 10க்கு 9 பேருக்கு மேல் ஆட்டுப்பாலுக்கும் அலர்ஜி வரும். பாட்டி ஆசையாகச் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சோயா பவுடர் விலை குறைவுதான். ஆனால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதை முதல் தேர்வாக யாரும் சொல்வதில்லை, அதற்கு மேல் என்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்று. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால், பால் அலர்ஜி என்ற ஒரே காரணத்துக்காக அதை நிறுத்தாதீர்கள். அம்மா பால், தயிர், மோர், நெய், பனீர், பால்கோவா எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத் தாய்ப்பாலைத் தொடரலாம். அவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும்படி, தேவைப்பட்டால் மாத்திரையோடு பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் போதாதபோது அல்லது கொடுக்க முடியாதபோதுதான் டின். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் சட்டம் குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. அதனால் எந்த டின் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

ஏன் துப்புகிறது?

ஒரு சொட்டை உங்கள் நாக்கில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். கசப்பு, புளிப்பு, கூடவே லேசான கந்தக வாடை. புரதத்தை வெட்டும்போது உள்ளே மறைந்திருந்த சில பகுதிகள் வெளியே வருகின்றன, கசப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. உற்பத்தியில் நடந்த கோளாறோ டின் கெட்டுப்போனதோ இல்லை. பொதுவாகக் கேசினை உடைத்துச் செய்ததைவிட வே புரதத்தை உடைத்துச் செய்தது கொஞ்சம் தேவலை. குழந்தை ஒரு வகையை எந்த வழியிலும் ஏற்காவிட்டால் மற்றதை முயலலாமா என்று டாக்டரிடம் கேட்க இந்த ஒரு தகவல் உதவும்.

வயசுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா, கேரி போஷாம் ஆகியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முதல் சில மாதங்களுக்குள் இந்தப் பாலைத் தொடங்கிய குழந்தைகள் சுவையைப் பொருட்படுத்தாமல் குடித்தன. சுமார் 4 மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சுவைத்த குழந்தைகள் கடுமையாக மறுத்தன. ஆக, 2 மாதக் குழந்தை சுலபமாகக் குடிப்பதும் 6 மாதக் குழந்தை அடம்பிடிப்பதும் இயல்பு. "அக்கா குழந்தை ஒரே நாள்ல குடிச்சிச்சு" என்று ஒப்பிட்டு மனம் வருந்தாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அப்போது என்ன வயசு என்று கேளுங்கள்.

உங்கள் குழந்தைக்கு எந்த வழி?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உடனே வரும் அலர்ஜியா, தாமதமாக வரும் அலர்ஜியா?" பால் குடித்த சில நிமிடங்களில், அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள், உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது உடனடி வகை. பல மணி நேரம் கழித்தோ ஓரிரு நாளிலோ மலத்தில் சளி, ரத்தம், விடாத வாந்தி, எக்ஸிமா என்ற தோல் அரிப்பு என்று வந்தால் தாமத வகை.

உடனடி வகை என்றால் பழைய பாலோடு புதுப் பாலைக் கலந்து பழக்கும் பேச்சே கூடாது. பழைய பால் ஒரு சொட்டும் வேண்டாம், நேரடியாக மாறிவிட வேண்டும். தாமத வகையிலும் பால் குடித்து 1 முதல் 4 மணி நேரத்தில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டுபோகும் குழந்தைக்கு இதே விதிதான்.

3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கலப்பதெல்லாம் பெரும்பாலும் தேவையே இல்லை. நல்ல பசியில் புதுப் பாலை அப்படியே கொடுங்கள். ஓரிரு நாள் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

3 மாதத்துக்கு மேல், தாமத வகை அலர்ஜி, டாக்டரும் கலக்கச் சம்மதித்துவிட்டார் என்றால் படிப்படியாக மாற்றலாம். 120 மி.லி. புட்டியை வைத்துச் சொல்கிறேன்:

முதல் படி: பழைய பால் 90 மி.லி., புதுப் பால் 30 மி.லி.
இரண்டாம் படி: இரண்டும் 60 மி.லி.
மூன்றாம் படி: பழையது 30, புதியது 90.
நான்காம் படி: முழுக்கப் புதுப் பால்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் போதும். மறுத்தால் அதே படியில் இன்னொரு நாள் நில்லுங்கள். முழுக்கப் பின்வாங்கிப் பழைய பாலுக்கே போய்விடாதீர்கள். இரண்டு பாலையும் அதனதன் டின்னில் சொன்ன தண்ணீர் அளவில் தனித்தனியாகக் கலக்கி, அப்புறம்தான் ஒன்றாக ஊற்ற வேண்டும். இரண்டு பவுடரையும் ஒரே புட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அளவு குழம்பிவிடும். பழைய பால் உள்ளே போகும்வரை அலர்ஜித் தொல்லையும் தொடரும் என்பதால் இந்தக் கலப்பை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இன்னும் நல்ல வழி உண்டு. அம்மா பால் பொருள்களை விலக்கிய பிறகு பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலில் 10 மி.லி. புதுப் பாலைக் கலந்து தொடங்குங்கள். இதில் உடைக்காத பசும்பால் புரதம் இல்லாததால் அவசரமே கிடையாது. உடனடி வகைக் குழந்தைக்கும் டாக்டரைக் கேட்டு இப்படிப் பழக்கலாம். வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாலும் தப்பில்லை.

6 மாதம் முடிந்த குழந்தைதான் அதிகம் அடம்பிடிக்கும். ஆனால் அதற்குச் சாப்பாடும் தொடங்கிவிட்டது என்பது நமக்கு வசதி. கேழ்வரகுக் கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சி இறக்கி, வெதுவெதுப்பானதும் கலக்கி வைத்த புதுப் பாலை ஊற்றிக் கிண்டுங்கள். அடுப்பில் வைத்துப் பாலைக் கொதிக்கவிட வேண்டாம், சத்தும் குறையும், சுவையும் மோசமாகும். வாழைப்பழ மசியல், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, குழைத்த சாதம், ஊறவைத்த இட்லி எல்லாவற்றிலும் சேர்க்கலாம். ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். சாப்பாட்டில் அந்த வாடை பழகப் பழக, குடிக்கக் கொடுக்கும்போது எதிர்ப்பு குறையும். இந்த வயசில் மூடியுள்ள, உள்ளே இருப்பது தெரியாத டம்ளரும் உதவும். மணம் மூக்குக்கு எட்டாது, பழைய புட்டியின் நினைவும் வராது.

முகச்சுளிப்பு வேறு, மறுப்பு வேறு

குழந்தை புதுப் பாலை வாயில் வாங்கும்போது முகத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். மூக்கின் மேல் சுருக்கம் விழும், மேலுதடு தூக்கும், புருவம் நெரியும், சில சமயம் உடம்பே ஒரு முறை சிலிர்க்கும். பார்க்கிற நமக்கு நெஞ்சு கரைந்து புட்டியை வாயிலிருந்து எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். அந்தச் சுளிப்போடேயே நாக்கும் தாடையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். "இது என்ன புதுசா இருக்கே" என்று மட்டும்தான் அந்த முகம் சொல்கிறது.

தலையைத் திருப்புவது, உதட்டை இறுக்கி மூடுவது, முதுகை வில்லாக வளைப்பது, கையால் தள்ளுவது, அழுவது: இவைதான் மறுப்பு. இதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். தோளில் போட்டு ஆறுதல்படுத்தி, சில நிமிடம் கழித்து இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வேளை அவ்வளவுதான். ஒரு வேளைக்கு 15 அல்லது 20 நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம்.

நம் வீடுகளில் குழந்தையைக் காலில் படுக்கப்போட்டு, கையை அமுக்கிப் பிடித்து, பாலாடையிலோ சங்கிலோ தொண்டைக்குள் ஊற்றும் வழக்கம் இருக்கிறது. சில இடங்களில் வாய் திறப்பதற்காக மூக்கைக்கூடப் பிடிப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யவே செய்யாதீர்கள். அழுகிற குழந்தைக்கு ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதில் தப்பினாலும், பால் என்றாலே பயம் என்று மனதில் பதிந்துவிடும், புட்டியைக் கண்டாலே அழும். சுவைக்குப் பழகச் சில நாள் போதும், இந்தப் பயம் போக மாதங்கள் ஆகும். பாலாடையே தவறு என்று சொல்லவில்லை. குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, பாலாடை நுனியைக் கீழுதட்டில் வைத்து, அதுவாகவே நக்கி விழுங்க விட்டால், நிப்பிளை மறுக்கும் குழந்தைக்கு அது மிக நல்ல சாதனம்.

கொடுக்கும் நேரம் முக்கியம். பசி வந்து கையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கும் நேரமே சரி. பசியில் கத்த ஆரம்பித்த பிறகு எதுவும் எடுபடாது. தூங்கி எழுந்த அரைத் தூக்கத்தில் பல குழந்தைகள் சுவையைக் கவனிக்காமல் குடித்துவிடும். அம்மாவின் மணம் பட்டால் தாய்ப்பாலே வேண்டும் என்று கேட்கும் குழந்தைக்கு அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், அம்மா அடுத்த அறையில் இருக்கட்டும். புட்டி, நிப்பிள், உட்காரும் இடம் எல்லாம் பழையதாகவே இருந்தால் மாற்றம் பாலில் மட்டும் இருக்கும். அது குழந்தைக்குச் சுலபம். அப்புறம், கொடுப்பவர் முகம் சுளிக்கக் கூடாது. "ஐயய்யோ, என்ன நாத்தம்" என்று குழந்தையின் காது கேட்கச் சொல்லவும் வேண்டாம்.

சூடும் கவனிக்க வேண்டியதுதான். சூடாக இருந்தால் வாடை தூக்கலாகத் தெரியும். அறை வெப்பத்துக்கோ அதற்குச் சற்றுக் குளிராகவோ ஆற்றிக் கொடுத்தால் சில குழந்தைகள் மறுப்பே இல்லாமல் குடிக்கின்றன. இரண்டு விதமாகவும் கொடுத்துப் பாருங்கள்.

கலக்கும் முறை

குளிராகக் கொடுக்கலாம் என்றாலும் கலக்குவது வெந்நீரில்தான். பவுடர் பால் கிருமியே இல்லாத பொருள் அல்ல. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நல்ல பாக்டீரியா சேர்த்த சில டின்களில் குறைந்த சூடு போட்டிருக்கும், அங்கே டின் சொல்வதையும் டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். கலக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வாய் வைத்த மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதனால்தான் பழக்கும் நாள்களில் 30, 40 மி.லி. என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்கிறேன். கொட்டினாலும் மனம் பதறாது, அந்தப் பதற்றத்தில் திணிக்கவும் தோன்றாது.

ஸ்கூப்பின் அளவு டின்னுக்கு டின் மாறும். பழைய டின் ஸ்கூப்பைப் புது டின்னில் போடாதீர்கள். அதில் பழைய பால் பவுடரும் ஒட்டியிருக்கும்.

செலவைப் பற்றியும் பேசியாக வேண்டும். முழுக்க இந்தப் பாலையே குடிக்கும் 6 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 மி.லி. தேவைப்படும். 400 கிராம் டின் மூன்று நாள், நாலு நாளில் காலி. இந்தக் கணக்கைப் பார்த்துப் பல வீடுகளில் ஒரு ஸ்கூப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிவிடுகிறார்கள். குழந்தைக்கு எடை ஏறாது, ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலைக் கூட்டுவது, 6 மாதம் தாண்டியிருந்தால் சோயா வகைக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன.

சுவைக்காக எதைச் சேர்க்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். சர்க்கரை, கற்கண்டு, கருப்பட்டி, குளுக்கோஸ் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயசு வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியால் போட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரும். நிப்பிளில் இனிப்பைத் தடவுவதும் இதே கணக்குதான். ஆல்கஹால் கலக்காத வெனிலா எசென்ஸ் ஒன்றிரண்டு சொட்டு சேர்க்கச் சில மருத்துவமனைகளில் சொல்வதுண்டு. உங்கள் டாக்டர் சரி என்றால் செய்யலாம், சில நாளில் குறைத்து நிறுத்திவிட வேண்டும்.

குடிக்க ஆரம்பித்த பிறகு

மலம் பச்சையாக, கரும்பச்சையாக, கொழகொழவென்று போகும். வாடையும் அடிக்கும். "பச்சையாப் போகுது, மாந்தம் தட்டியிருக்கு" என்று வீட்டில் உரை மருந்தைத் தேடுவார்கள். இந்தப் பாலுக்கு அந்த நிறம் இயல்பு. ரத்தம் இல்லை, தண்ணீராகப் பல தடவை போகவில்லை, குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வாந்தியும் அழுகையும் சில நாளிலேயே குறையத் தொடங்கலாம். மலம், தோல் இரண்டும் தெளிய 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் "இதுவும் ஒத்துக்கலை" என்று டின்னை மாற்றிக்கொண்டே போனால் குழந்தை எந்தச் சுவைக்கும் பழகாது, எது ஒத்துக்கொண்டது என்றும் தெரியாமல் போய்விடும். ஒரு நோட்டில் வேளை, குடித்த அளவு, வாந்தி, மலம், தடிப்பு என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.

பிஸ்கட், பிரெட், டப்பா செரிலாக் வகைகள் பலவற்றில் பால் இருக்கும். பொட்டலத்தில் பொருள் பட்டியலையும் அதற்குக் கீழே உள்ள அலர்ஜி எச்சரிக்கையையும் படியுங்கள். மில்க் சாலிட்ஸ், வே, கேசினேட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது பால்தான். நெய்யிலும் சிறிதளவு பால் புரதம் இருக்கும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

24 மணி நேரத்தில் வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, 6 முறை போக வேண்டிய சிறுநீர் இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டது, வாய் காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது: இதில் எது தெரிந்தாலும் அன்றே போங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம். குடித்தாலும் எடை ஏறாவிட்டால், 4 வாரம் ஆகியும் ரத்தம் நிற்காவிட்டால், அமினோ ஆசிட் வகை தேவைப்படலாம்.

உதடும் முகமும் வீங்குவது, மூச்சிரைப்பு, குரல் மாறுவது, குழந்தை துவண்டு விழுவது போன்றவை தெரிந்தால் உடனே 108ஐ அழையுங்கள். கடும் அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசியை டாக்டர் கொடுத்து வைத்திருந்தால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் போட்டுவிடுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த அலர்ஜி சில வருடங்களில் விலகிவிடும், பலருக்கு ஒரு வயசையொட்டியே. சாதாரணமாக 9 முதல் 12 மாத வயசில், அல்லது இந்தப் பாலைத் தொடங்கி 6 மாதம் ஆனதும், டாக்டர் மறுபடி சோதிப்பார். தாமத வகை என்றால் பால் சேர்த்து நன்றாகச் சுட்ட பிஸ்கட் ஒரு துளியில் தொடங்கி, கேக், தயிர், கடைசியில் பால் என்று படி ஏறுவார்கள். உடனடி வகைக்கு இந்தச் சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். நாள் குறித்துவிட்டால், குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாதபோது வரும் வாந்தியையும் தடிப்பையும் பாலின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.